கருப்பியைக் கூப்பிட்ட குரலுக்கு நான் பதில் சொன்னேன்

நான் சொல்லப்போகும் நாளைப் பற்றி நம் கோவிலில் ஏற்கெனவே ஒரு சாட்சி சொல்லப்பட்டுவிட்டது. போன வருஷம் மாசி மாதம், செவ்வாய்க்கிழமை நவநாள் முடிந்ததும் என் அண்ணன் மைக்கைப் பிடித்தார். ஒன்பது செவ்வாய் வேண்டிக்கொண்டோம், அந்தோணியார் கைமேல் பலன் கொடுத்தார், எங்கள் அணி கோப்பை வாங்கியது என்றார். எல்லோரும் கை தட்டினீர்கள். அந்த நேரத்தில் நான் திண்டுக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு படுத்திருந்தேன். 'தங்கச்சிக்கு வெயில் ஒத்துக்கல' என்று அண்ணன் உங்களிடம் சொன்னதாகக் கேள்வி. அது முழுப் பொய் இல்லை.

அதே நாளுக்கு என்னிடமும் ஒரு சாட்சி இருக்கிறது. அதைச் சொல்லும் தைரியம் வர ஒரு வருஷம் ஆயிற்று.

என் பெயர் ஜெசிந்தா. பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியை. என் கணவர் சூசை, ஒரு மகள். அண்ணன் பெயரை எழுத மாட்டேன். பங்குக் கோவிலில் எல்லோருக்கும் தெரிந்த ஆள்தான்.

அந்தப் போட்டி சைக்கிள், ஓட்டம், துடுப்புப் படகு மூன்றும் சேர்ந்தது. அணிக்கு நான்கு பேர். அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும் என்பது விதி. அண்ணனும் அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேரும் வருஷக்கணக்காக ஒன்றாக சைக்கிள் மிதிக்கிறவர்கள். நான்காவது ஆளாக என்னைச் சேர்த்துக்கொண்டது அந்த விதிக்காகத்தான். ஊறுகாய் இல்லாமல் இலை போடக்கூடாது என்று ஓரத்தில் ஊறுகாய் வைப்பார்கள் அல்லவா, அந்த மாதிரி. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் சந்தோஷமாகப் போனேன். சின்ன வயதில் அண்ணன் விளையாட்டில் என்னைச் சேர்த்ததே கிடையாது.

இன்னொரு விதியையும் சொல்ல வேண்டும். நால்வரும் கடைசிவரை சேர்ந்தே போக வேண்டும். வழியில் அங்கங்கே கம்பத்தில் ஒரு சின்னப் பெட்டி வைத்திருப்பார்கள். ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு பட்டை. நான்கு பட்டையையும் பெட்டியில் தட்டினால் நாலு தடவை சத்தம் வரும், அணி முழுதாகக் கடந்துவிட்டது என்று கணினியில் ஏறிவிடும். செல்போன் அணிக்கு ஒன்றுதான். அதையும் உறையில் போட்டு ஒட்டி, தலைவர் பையில், எங்களுக்கு அண்ணன் பையில், வைத்துவிட வேண்டும்.

யாராவது பின்தங்கினால் என்ன செய்வது? அதற்கும் ஒரு வழக்கம் உண்டு. வேகமானவர் இடுப்பிலிருந்து மெதுவானவர் இடுப்புக்கு ஒரு கயிற்றை மாட்டி இழுத்துப் போகலாம். விதியில் தப்பில்லை. மூன்று மாதப் பயிற்சியிலும் அண்ணன் இடுப்பிலிருந்து என் இடுப்புக்கு அந்தக் கயிறு இருந்தது. மேட்டில் கயிறு விறைக்கும்போது எனக்கு அழுகை வரும். கூடப் பிறந்தவர் இழுக்கிறார் என்கிற பெருமை.

போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலமே பூசை பார்த்துவிட்டோம். பனியன் நான்கையும் சாமியார் மந்திரித்துக் கொடுத்தார். என் மணிக்கட்டு சிறியது. பட்டை தொளதொளவென்று இருந்தது. இறுக்கிக் கட்டித் தரச் சொல்லலாம் என்றேன். 'கெடக்கட்டும் விடு' என்றார் அண்ணன். நானும் விட்டுவிட்டேன்.

திண்டுக்கல் மலைக்கோட்டைக்குக் கீழே இருந்து விடியற்காலை புறப்பட்டோம். சின்னாளப்பட்டி வரைக்கும் சைக்கிள். அதைத் தாண்டி, கரடு என்று சொல்கிற பாறைக் குன்றின் அடியில் சைக்கிளை வேனில் ஏற்றிவிட்டு ஓட்டம். கரட்டு உச்சியில் ஒரு பெட்டி. அந்தப் பக்கம் இறங்கினால் அணை, அங்கே படகு. மாசியிலேயே பங்குனி வெயில் அடித்தது. பாதிக் கரடு ஏறும்போதே எனக்கு வாந்தி வந்துவிட்டது. அடுத்த பாறையில் கால் பிசகி, கணுக்கால் வீங்கியது. கயிறு என்னை இழுத்தது, நான் கயிற்றை இழுத்தேன்.

அண்ணன் நின்றார். மேலே பார்த்தார். எங்களுக்கு முன்னால் ஒரே ஓர் அணிதான் இருந்தது.

"ஜெசி, நீ இங்கன செத்த நேரம் ஒக்காரு. நாங்க உச்சிக்குப் போயி தட்டிட்டு முக்கா மணி நேரத்துல இப்படியே எறங்கி வாரோம். ஒன்னையத் தூக்கிக்கிட்டு சுத்துப் பாதையில அணைக்குப் போயிருவோம். பட்டைய மட்டும் கழட்டிக் குடு."

கூட்டாளிகளில் ஒருவர், "அது தப்புல்ல?" என்றார். அண்ணன் தன் இடுப்பிலிருந்து கயிற்றுக் கொக்கியைக் கழற்றினார்.

பட்டையை அவர் பிடுங்கவில்லை. நான்தான் கழற்றிக் கொடுத்தேன். எனக்கும் கோப்பை வேண்டியிருந்தது. இதை மறைத்தால் என் சாட்சியும் அவர் சாட்சி மாதிரி ஆகிவிடும்.

பாதையைவிட்டு விலகி, ஒரு பாறை மறைவில் இருந்த வேலமரத்து நிழலில் உட்கார்ந்தேன். பாட்டிலில் இரண்டு வாய் தண்ணீர் இருந்தது. முக்கால் மணி நேரம் ஆனது. ஒரு மணி நேரம் ஆனது. நிழல் நகர்ந்தது, நானும் நகர்ந்தேன். பிறகு தெரிந்துகொண்டேன், உச்சியில் இருந்து பார்த்தபோது முன்னால் போன அணி அந்தப் பக்கச் சரிவில் இறங்குவது தெரிந்திருக்கிறது. எட்டிப் பிடித்துவிடலாம் என்று இவர்களும் அப்படியே இறங்கிவிட்டார்கள். அணைக்கரையில் என் பட்டையும் சேர்ந்து நாலு தடவை சத்தம் போட்டது. நான் இல்லாமல் நான் படகில் ஏறினேன்.

கரட்டில் எனக்கு வேர்ப்பது நின்றுவிட்டது. வேர்க்காமல் போனால் என்ன அர்த்தம் என்று பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவள் நான். எழுந்து நிற்கப் பார்த்தேன், கண் இருட்டியது. பின்னால் வந்த அணிகளைக் கத்திக் கூப்பிட்டேன், குரல் பாறைக்கு அந்தப் பக்கம் போகவில்லை. என் மகளுக்கு மறுநாள் கணக்குப் பரீட்சை. அது ஒன்றுதான் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. செத்துப்போனால் பரீட்சைக்குப் போக மாட்டாளே என்று அழுதேன்.

அப்போதுதான் வேண்ட ஆரம்பித்தேன். சாவி தொலைந்தால், தோடு தொலைந்தால், ரேஷன் கார்டு தொலைந்தால் நாம் அந்தோணியாரிடம் போவோம். சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவோம். அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. வேண்டுகிறவர் எப்போதும் தொலைத்தவர். தொலைந்துபோன தோடு எங்கேயாவது வேண்டுமா? என்னைத் தொலைத்தவர்கள் தேடவில்லை. கணினியைக் கேட்டால் நான் தொலையவே இல்லை. எனக்காக யார் சீட்டு எழுதுவார்கள்?

தொலைந்த பொருளாக இருந்தே வேண்டினேன். 'அந்தோணியாரே, என்னை யாரும் தேடவில்லை. நீர் தேடும்' என்றேன். ஜெபமாலை சொல்லப் பார்த்தேன், எண்ணிக்கை தவறியது. கடைசியில், 'அவனுக்குக் கோப்பை கிடைக்கக் கூடாது' என்றும் வேண்டினேன். அண்ணனை அதற்கு முன்னால் நான் 'அவன்' என்று சொன்னதே இல்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு குரல் கேட்டது.

"கருப்பீ... ஏ கருப்பீ..."

அது என் பெயர் இல்லை. ஆனாலும் பதில் சொன்னேன். சொன்னேன் என்பதைவிட முனகினேன் என்பதுதான் சரி. குரல் நின்றது. கல் உருளும் சத்தம். கையில் ஒரு கயிறும் தூக்குவாளியுமாக ஒரு அம்மா பாறையைச் சுற்றி வந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர்கள் முகத்தில் வந்தது ஏமாற்றம். அதை நான் நன்றாகப் பார்த்தேன்.

"யாத்தே, ஆடுன்னுல்ல நெனச்சேன். யாருத்தா நீ?"

அவர்கள் பெயர் வெள்ளையம்மாள். கரட்டடி ஊர். காலையில் சினை ஆடு ஒன்று மந்தையைவிட்டு விலகிவிட்டது. இன்றோ நாளையோ குட்டி போடுகிற ஆடு. அதைத் தேடி வந்தவர்கள். ஆண்டவர் காணாமல்போன ஆட்டைத் தேடிப் போவார் என்று சின்ன வயதிலிருந்து கேட்கிறோம். என்னைத் தேடி யாரும் வரவில்லை. ஆட்டைத் தேடி வந்தவர்கள் கண்ணில் நான் பட்டேன்.

தூக்குவாளியில் இருந்த நீராகாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார்கள். முந்தானையை நனைத்து என் முகத்தைத் துடைத்தார்கள். அப்போது மேட்டுப் பக்கமிருந்து ஓர் ஆடு கத்தியது. எனக்கே கேட்டது. அவர்கள் தலை அந்தப் பக்கம் திரும்பியது. கொஞ்ச நேரம் அப்படியே பார்த்தார்கள். போங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"சரி, எந்திரி தாயி," என்றார்கள். "கீழ வண்டிப்பாதைக்குப் போனாத்தான் டவர் கெடைக்கும்."

ஆட்டுக்காகக் கொண்டுவந்த கயிற்றை என் இடுப்பில் கட்டி, மறுநுனியைத் தன் கையில் சுற்றிக்கொண்டார்கள். சரிவில் நான் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன். அவர்கள் மேலிருந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டே வந்தார்கள். ஓர் இடத்தில்கூடக் கயிறு தளரவில்லை.

எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது இரண்டு போன் நம்பர்தான். அண்ணனுடையது அணைந்திருந்தது. அடுத்து சூசைக்கு அடித்தோம். அவர் மகளோடு போட்டி முடியும் இடத்தில் நின்றிருந்தார். அதற்கு முன்பே என்னைக் காணோம் என்று அங்கே கேட்டிருக்கிறார். நடத்துகிறவர்கள் கணினியைப் பார்த்துவிட்டு, "ஒங்க வீட்டம்மா சேந்து அரை மணி நேரமாச்சே சார்" என்றிருக்கிறார்கள். எல்லைக் கோட்டில் நான் எங்கே என்று கேட்டதற்கு, வயிறு சரியில்லை, பாத்ரூம் போயிருக்கிறாள் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார்.

பாத்ரூம் பக்கமெல்லாம் தேடிப் பார்த்துவிட்டு வந்து சூசை அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். அதற்கு என் அண்ணன் சொன்ன பதிலை சூசை பல மாதம் என்னிடம் மறைத்து வைத்திருந்தார்.

"கத்தாத மாப்ள. பின்னாடி வந்துக்கிட்டுதான் இருப்பா. கோப்பையக் கையில வாங்கிட்டு ஆள அனுப்புவோம்."

அந்த நேரத்தில்தான் வெள்ளையம்மாளின் போன் வந்தது. வேறு யாருடைய பைக்கையோ வாங்கிக்கொண்டு சூசை வந்து சேர்ந்தார். இன்னும் கொஞ்ச நேரம் வெயிலில் கிடந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டேன் என்று டாக்டர் சொன்னார். நான்கு நாள் ஆஸ்பத்திரி. வெளியே வந்ததும் போட்டி நடத்தியவர்களுக்கு நடந்ததை அப்படியே எழுதினேன், நான் பட்டையைக் கழற்றிக் கொடுத்ததையும் சேர்த்து. கோப்பையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். கரட்டில் நான் கேட்ட அந்தக் கெட்ட வேண்டுதலும் நிறைவேறியது. அதற்கு நன்றி சொல்வதா, பாவசங்கீர்த்தனம் செய்வதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

குடும்பத்தில் என் மேல்தான் கோபம். குடும்ப மானத்தைக் கப்பலேற்றிவிட்டேனாம். நடந்ததைப் பேச அண்ணன் ஒரே ஒரு தடவை வீட்டுக்கு வந்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. "கடவுள்தான் காப்பாத்திட்டாருல்ல, பெறகென்ன?" என்றார். ஆமாம், காப்பாற்றினார். ஆனால் அந்த வாக்கியத்தைச் சொல்லும் உரிமை எனக்கு இருக்கிறது, வெள்ளையம்மாளுக்கு இருக்கிறது. அவருக்கு இல்லை.

என் மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விழாவுக்குத் தாய்மாமன் முறைக்கு வெள்ளை கவுன் கொண்டுவந்து கொடுத்தார். போடமாட்டேன் என்று சொல்லப் பிள்ளைக்குத் தெரியாது. போட்டுக்கொண்டாள். அன்றைக்குப் பூசையில் பரலோக மந்திரம் சொல்லும்போது, எங்களுக்குத் தீமை செய்தவர்களை மன்னிக்கிறோம் என்கிற வரி வந்ததும் என் வாய் நின்றுவிட்டது. இன்றும் ஒவ்வொரு ஞாயிறும் அந்த இடத்தில் நிற்கிறது. அடுத்த வரியில் சேர்ந்துகொள்கிறேன். சாட்சி என்று எழுத வந்துவிட்டு இதை ஒளிக்க மாட்டேன்.

என் வாழ்க்கை மாறியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போனால், 'எல்லாரும் வந்தாச்சு மிஸ்' என்ற பதிலை ஏற்பதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டு முகத்தைப் பார்த்த பிறகுதான் பஸ் நகரும். மாதம் ஒருமுறை சூசையும் நானும் கரட்டடிக்குப் போய் வெள்ளையம்மாளைப் பார்த்துவிட்டு வருகிறோம். முதல் தடவை போனபோது கருப்பி கிடைத்ததா என்று கேட்டேன்.

"ரெண்டு நாள் கழிச்சுக் கெடச்சுச்சு தாயி. நாய்க கடிச்சுப்போட்டிருந்துச்சு. குட்டியும் போச்சு."

நான் அழுதேன். அவர்கள், "நீ என்னத்தா செய்வ, சாப்புடு" என்று வெஞ்சனத்தை என் தட்டில் வைத்தார்கள். என் வேண்டுதலுக்குக் கிடைத்த பதிலுக்கு விலை கொடுத்தது நான் இல்லை.

அன்பானவர்களே, ஆண்டவர் கேட்கிறார். இதை நான் உயிரோடு இருந்து சொல்கிறேன். உங்கள் பெயரைச் சொல்லித்தான் உதவி வர வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். ஆட்டைக் கூப்பிடுகிற குரல் கேட்டாலும் பதில் சொல்லுங்கள். நம்புங்கள்.

போன செவ்வாய் நானும் அந்தோணியார் பெட்டி முன்னால் நின்றேன். ஒரு வருஷமாக வெறும் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பி வருகிறவள் நான். தொலைந்த பொருள் தனக்காகச் சீட்டு எழுதாது, யாராவது எழுத வேண்டும் என்பது கரட்டில் படித்த பாடம். எனக்கு இன்னும் மன்னிக்க வரவில்லை. தேடச் சொல்லி எழுத மட்டும் வந்தது.

'காணாமல் போனது: என் அண்ணன். கடைசியாகப் பார்த்த இடம்: பாதிக் கரட்டில், இடுப்பிலிருந்து கயிற்றைக் கழற்றிக்கொண்டிருந்தார்.'

மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.