இருநூற்றுப் பதினான்காம் பக்கம்

கான்ஸ்டன்டைன் நகரில், பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே வசீலா ஆய்வேடுகள் தட்டச்சு செய்து கொடுத்துவந்தாள். அப்பா இறந்ததும் இரண்டாம் ஆண்டோடு படிப்பை விட்டவள். ஆனாலும் இருபத்தாறு வருடமாக ஒரு அடிக்குறிப்பையும் அவள் சும்மா தட்டியதில்லை. சந்தேகம் வந்தால் மதியம் கடையைப் பூட்டிவிட்டு நூலகத்துக்கு நடப்பாள்.

பாதிஸ் என்ற மாணவனின் ஆய்வேட்டிலும் அப்படித்தான் ஒரு வரி உறுத்தியது. விடுதலைப் போரின்போது மொட்டைமாடியில் சிவப்புத் துணி காய்ந்தால் பிரெஞ்சுப் பட்டாளம் வருகிறது என்று அர்த்தமாம். ஆதாரம்: ஒரு பழைய பிரெஞ்சு நூல், பக்கம் 214.

"தம்பி, அந்தப் புத்தகமே நூத்தித் தொண்ணூறு பக்கத்துல முடிஞ்சுபோச்சு."

"எல்லாரும் இதைத்தானே போடறாங்க, அக்கா!"

"எல்லாரும் புத்தகத்தைத் திறந்தாங்களா?"

நூலகத்தில் தேடினாள். பதினைந்து ஆய்வேடுகளில் அதே பக்கம். எல்லாவற்றுக்கும் மூத்தது, பாதிஸின் வழிகாட்டி பேராசிரியர் பெலாத்தார் 1988-ல் எழுதியது. அவள் சொன்னதும் பாதிஸ் தலையில் கைவைத்துக்கொண்டான். "நான் செத்தேன். அவர்கிட்ட நான் சொல்ல மாட்டேன்."

வசீலாவே தொலைபேசியில் சொன்னாள். மறுநாள் பெலாத்தார் கடைக்கு வந்தார். கத்துவார் என்று பயந்திருந்தாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, அவள் கொடுத்த காப்பியை ஆறவிட்டார்.

"அது எங்கம்மா சொன்னது," என்றார் கடைசியில். "அந்தத் துணியைக் காயப்போட்டதே அவங்கதான். எழுதப் படிக்கத் தெரியாதவங்க. அம்மா சொன்னாங்கன்னு போட்டா அன்னிக்கு யாரு ஒத்துப்பாங்க? பயத்துல ஒரு பக்க எண்ணை இட்டுக்கட்டிட்டேன்."

வசீலா விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள்.

"அம்மா பேரு?"

"தஹ்பியா."

"எப்போ சொன்னாங்க? எங்க வெச்சு?"

"எண்பத்தேழு, ரம்ஜான் மாசம். சமையல்கட்டுல. சூப்புக்கு வெங்காயம் நறுக்கிக்கிட்டே சொன்னாங்க."

"வெங்காயம் வேண்டாம், சார். மத்ததெல்லாம் போடறேன்."

பெலாத்தார் சிரித்துவிட்டார். சிரித்தபடியே கண்ணைத் துடைத்தார்.

'தஹ்பியா பெலாத்தார், மகனிடம் நேரில் கூறியது, வீட்டுச் சமையலறை, கான்ஸ்டன்டைன், 1987' என்று குறிப்பு ஏறியது. பாதிஸின் வாய்மொழித் தேர்வில் ஒருவரும் அதை மறுக்கவில்லை. அடுத்த வாரம் பேராசிரியரும் வசீலாவும் நூலகத்தில் எதிரெதிரே உட்கார்ந்து, பதினைந்து ஆய்வேடுகளிலும் திருத்தச் சீட்டு ஒட்டினார்கள். அவருடைய ஆய்வேட்டுக்கான சீட்டை அவரே ஒட்டினார், கொஞ்சம் கோணலாக.