புஹாரி கழுவிக் கவிழ்த்த பீங்கான்

மாத்தளை பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கிற ஒரு சாப்பாட்டுக் கடையில் புஹாரி முப்பத்து நான்கு வருடம் பரிமாறினார். நாவுல ஊருக்குப் போகிற பஸ் ஹோர்ன் அடித்தால் எந்த மேசையில் யார் பாதிச் சோற்றில் எழுந்து ஓடுவார் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். ஊரெல்லாம் உட்கார்ந்து தின்ற அந்தக் கடையில் அவர் மட்டும் ஒரு நாள்கூட உட்கார்ந்து தின்றதில்லை. குசினிச் சுவரில் சாய்ந்து நின்று ஏழு நிமிடத்தில் விழுங்கிவிட்டு, தன் பீங்கானைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவார்.

உட்கார்ந்து சாப்பிட்டது வீட்டில்தான். அஸர் தொழுகைக்குப் பிறகு கொஞ்ச நேரம் வீட்டுக்கு வருவார். மனைவி ஜுனைதா சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்திருப்பார். கடைப் பழக்கம் விடுமா? தின்று முடித்ததும் பீங்கானைத் தூக்கிக்கொண்டு எழும்புவார் புஹாரி. ஜுனைதா அதை வெடுக்கென்று பறித்துக்கொள்வார்.

"கடையில கழுவுறது போதும். இங்கயும் கழுவோணுமா? இரிங்க பேசாம."

இருபத்தெட்டு வருடம் தினமும் இதே பறிப்பு, இதே ஏச்சு. அந்த ஏச்சுக்காகவே அவர் பீங்கானைத் தூக்கினார் என்று நினைக்கிறேன். ஆனால் கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார்.

ஜுனைதா மவுத்தாகி இரண்டு வருடம். அதே வருடம் கடையும் கைமாறியது. வீட்டோடு இருந்த புஹாரி, சோறும் ஆணமும் ஆக்கி, சட்டியிலிருந்தே நின்றபடி மூன்று கவளம் தின்னுவார். அவ்வளவுதான். பீங்கானை எடுத்தால் கழுவ வேண்டும், கழுவப் போனால் பறிக்க ஆள் இல்லை. பசி ருசி அறியாது என்பார்கள். அவருக்குப் பசியே வரவில்லை. அறுபத்து மூன்று வயதில் சாரன் இடுப்பில் நிற்காமல் நழுவியது.

ஒரே மகள் நஸ்மியா தாய்லாந்தில், சியாங் மாய் நகரத்துப் பல்கலைக்கழகத்தில், புலமைப்பரிசிலில் விவசாயம் படித்துக்கொண்டிருந்தாள். பட்டத்துக்கு இன்னும் ஒன்பது மாதம். போனில் வாப்பாவின் கழுத்து எலும்பைப் பார்த்தவள் ஒரே முடிவாகச் சொல்லிவிட்டாள்.

"நீங்க இப்பிடி ஈந்தா, நான் படிப்ப விட்டுட்டு வாரேன் வாப்பா. சும்மா செல்றேண்டு நெனக்காதீங்க."

சும்மா சொல்கிற ஜாதி இல்லை அவள். உம்மாவின் அச்சு. அவள் படிப்புக் கெடக்கூடாதே என்றுதான், வாழ்நாளில் குருநாகலைத் தாண்டாத மனிதர், மாத்தளைக் கறுவாவும் கராம்பும் மிளகும் கட்டிய பொதியோடு மகளிடம் போக விமானம் ஏறினார். இறங்கிய இடத்தில் அறுபது நாள் இருக்கலாமென்று கடவுச்சீட்டில் முத்திரை குத்தினார்கள்.

நஸ்மியா காலையில் படிக்கப் போனதும் புஹாரி நடக்கத் தொடங்குவார். பழைய நகரைச் சுற்றிச் சதுரமாக ஓர் அகழி; அதன் ஓரத்திலேயே ஒரு சுற்று. காவி உடுத்த பிக்குமாரைக் கண்டால் தம்புள்ளை விகாரை ஞாபகம் வரும். சந்தையில் சேரைப் புல்லும் ரம்பை இலையும் கட்டுக்கட்டாகக் கிடந்தன. மோந்து பார்த்துவிட்டு, நம்முடைய வீட்டுச் சாமான்தானே என்று தலையாட்டுவார். நடை நன்றாகத்தான் நடந்தது. சாப்பாடுதான் நடக்கவில்லை. மகள் ஆக்கி வைத்த சட்டியின் முன்னால் நின்று அதே மூன்று கவளம். நஸ்மியா மாலையில் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசமாட்டாள். பேசாமல் இருப்பதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

இரண்டாவது வாரம் ஒரு நாள், பள்ளிவாசலுக்குப் பக்கத்து ஒழுங்கையில் அவர் அந்தக் கடையைக் கண்டார். முன்பக்கம் முழுக்கத் திறப்பு. இரண்டு தகர மேசை, பிளாஸ்டிக் முக்காலிகள், கவிழ்த்து வைத்த கிளாஸ்கள், ஆவி பறக்கும் பெரிய பானை. மேலே பிறையும் கிண்ணமும் வரைந்து, அவருக்குப் புரியாத எழுத்தில் ஏதோ எழுதிய பலகை. ஏழெட்டுப் பேர் தின்றுகொண்டிருந்தார்கள். ஸலாம் சொல்லிக்கொண்டே உள்ளே போனார். சாய்ந்து நிற்கத் தோதாக ஒரு சுவர் தேடினார். இருந்த சுவரையெல்லாம் அலுமாரி பிடித்திருந்தது. தொப்பி போட்ட ஒரு வயதாளி முக்காலியை இழுத்துப் போட்டார். வேறு வழியில்லாமல் புஹாரி உட்கார்ந்தார்.

முக்காடு போட்ட ஓர் அம்மா, குழிந்த பீங்கானில் நூடில்ஸைப் போட்டு, அதன்மேல் தேங்காய்ப்பால் விட்ட மாட்டிறைச்சி ஆணத்தை ஊற்றி, பொரித்த நூடில்ஸைத் தூவி, தேசிக்காய்த் துண்டோடு முன்னால் வைத்தார். ஒரு வாய் வைத்தார் புஹாரி. பெருஞ்சீரகம், கொத்தமல்லி, மஞ்சள், எல்லாம் தெரிந்த முகம். ஊரில் பிறந்த பிள்ளையை வெளிநாட்டில் சந்தித்த மாதிரி இருந்தது. அடி தெரியும்வரை தின்றார். இன்னொரு தடவை ஊற்றினார்கள்; அதையும் தின்றார்.

எழுந்தார், குழாயடிக்குப் போனார், பீங்கானைக் கழுவிக் கவிழ்த்தார். கை தானாகச் செய்தது. பிறகு தாய்லாந்து நோட்டு ஒன்றை நீட்டினார். அந்த அம்மா சிரித்து, அலுமாரி மேலிருந்த பிறை போட்ட தகரப் பெட்டியைக் காட்டினார். காசைத் தானே போடுகிற கடை போலும், என்ன நம்பிக்கை என்று மெச்சிக்கொண்டே போட்டார்.

அன்று மாலை நஸ்மியா சட்டியைத் திறக்கும் முன்பே சொன்னார்: "மகள், இன்னக்கி கடையில தின்டேன். இருந்து தின்டேன்."

நஸ்மியா அவரையே பார்த்தாள். "அந்தக் கடக்காரங்களுக்கு அல்லாஹ் பரக்கத் செய்யட்டும்" என்றாள். சட்டி மூடியை அன்று திறக்கவேயில்லை.

அதற்குப் பிறகு ஒரு நாளும் தப்பவில்லை. ஒரு நாள் சோறும் கோழியும், ஒரு நாள் பால் ரொட்டியும் தேத்தண்ணியும், வெள்ளிக்கிழமை ஒட்டுகிற சோறும் மாம்பழமும். சாப்பிட்டுவிட்டு அகழியோரம் ஒரு மரநிழலில் உட்கார்ந்து மீன்களைப் பார்ப்பார். சாரன் இடுப்பில் நின்றது. பெயர்கூடத் தெரிந்துகொண்டார்: அந்த அம்மா மர்யம், வயதாளி அவருடைய கணவர். பாஷை கிடையாது, ஸலாமும் அல்ஹம்துலில்லாஹ்வும் போதுமாயிருந்தன.

அவர் சியாங் மாய்க்கு வந்த நாற்பத்தோராவது நாள் நஸ்மியாவுக்கு விடுமுறை. கடைக்காரருக்கு நன்றி சொல்ல அவளும் கூடவே வந்தாள். மூன்று வருடத்தில் தாய்லாந்து மொழி நன்றாகப் பழகியிருந்தாள். பலகையைப் படித்தாள், உள்ளே பார்த்தாள், மர்யத்தோடு நாலு வார்த்தை பேசினாள். முகம் மாறிவிட்டது.

"வாப்பா... இது கடையில்ல. கடைய மூடி மூணு வருஷமாம், பலகய மட்டும் கழட்டல்லயாம். இது அவங்கட வீடு. இவங்கெல்லாம் அவங்கட புள்ளைகளும் பேரப்புள்ளைகளும்."

"அப்ப அந்தப் பெட்டி?"

"அது பள்ளிவாசல்ல உம்மா வாப்பா இல்லாத எத்தீம் புள்ளைகளுக்குச் சேக்குற பெட்டி."

புஹாரிக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை கூசியது. ஒரு மாதமாக, அழைக்காத வீட்டில் போய் உட்கார்ந்து, இரண்டாம் தடவை வேறு வாங்கித் தின்றிருக்கிறார்! ஓசித் தேத்தண்ணிகூடக் குடிக்காத மனிதர். ஸலாம்கூடச் சொல்லாமல் வெளியே நடந்தார்.

மறுநாள் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. மறுபடியும் சட்டி, நின்றபடி, மூன்று கவளம். மூன்றாம் நாள் காலை நஸ்மியா மூடியைத் திறந்து பார்த்தாள். கணினியை எடுத்து மேசையில் வைத்தாள்.

"என்ன எழுதுற மகள்?"

"யுனிவர்சிட்டிக்கு லெட்டர். படிப்ப நிப்பாட்டுறேண்டு."

புஹாரி அலுமாரியைத் திறந்து மாத்தளைப் பொதியை எடுத்தார்.

"அத மூடு. வா, போய் மன்னிப்புக் கேப்போம்."

ஒழுங்கைக்குள் அவரே முன்னால் நடந்தார். மர்யத்தின் முன்னால் கறுவாப் பொதியை வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டே பேசினார், நஸ்மியா பெயர்த்தாள்.

"கடையெண்டு நெனச்சிட்டேன். மன்னிச்சிக்கோங்க. மொத நாளே ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?"

மர்யம் கணவனைப் பார்த்தார். இருவரும் புரியாமல் விழித்தார்கள். பிறகு மர்யம் நீளமாகச் சொன்னார். நஸ்மியா கேட்டுக்கொண்டே வந்தவள், பாதியில் சிரிப்பும் அழுகையுமாகிவிட்டாள்.

"வாப்பா, இவங்க செல்றாங்க... இருபது வருஷம் கட நடத்தினாங்களாம். கடைக்கு வந்த ஒருத்தராவது பீங்கான் கழுவினதில்லயாம். நீங்க மொத நாளே கழுவிக் கவுத்துட்டுப் போனீங்களாம். வீடுண்டு தெரிஞ்சிதான் வந்திருக்காரு, வீட்டு மனுஷன் மாதிரி நடக்குறாருண்டு இவங்க சந்தோஷப்பட்டாங்களாம். பெட்டியில காசு போட்டதும், ஸதக்கா குடுக்குற நல்ல மனுஷனெண்டு நெனச்சாங்களாம். ரெண்டு நாளா வரல்லயெண்டு, இவர் பள்ளியிலயெல்லாம் தேடினாராம்."

புஹாரி வாயைத் திறந்தார், சிரிப்புத்தான் வந்தது. வயிறு குலுங்கச் சிரித்தார். வயதாளியும் சிரித்தார். பேரப்பிள்ளைகள் ஏனென்று தெரியாமலே சிரித்தார்கள். முக்காலி தானாக வந்தது, பீங்கானும் வந்தது. அன்று மூன்று தடவை வாங்கித் தின்றார், கூச்சமேயில்லாமல்.

தின்று முடித்துப் பழக்கம்போல் பீங்கானைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். மர்யம் ஓர் எட்டு வைத்து அதை அவர் கையிலிருந்து வெடுக்கென்று பறித்துக்கொண்டார். இடுப்பில் ஒரு கையை ஊன்றி, தாய்லாந்து மொழியில் படபடவென்று ஏசினார்.

நஸ்மியா பெயர்க்க வாயெடுத்தாள்.

"வேணாம் மகள்," என்றார் புஹாரி. கண்ணீர் தாடிக்குள் இறங்கியது, துடைக்கவில்லை. "எனக்கு வெளங்கிட்டுது."

சத்தமாக அல்ஹம்துலில்லாஹ் சொன்னார். பிறகு முக்காலியில் திரும்பவும் உட்கார்ந்து, குழாயடியில் தன் பீங்கானை இன்னொருவர் கழுவும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.