தொட்டியில் உடைந்த மருந்து

மகளை ஆண்டிபட்டியில் கட்டிக்கொடுத்தபோது சொந்தக்காரர்கள் என்னைச் சும்மா விடவில்லை. "உங்க தோட்டத்துல தண்ணி தளும்புது, பிள்ளைய தண்ணியில்லாக் காட்டுல தள்ளிட்டீகளே" என்று கல்யாணப் பந்தியிலேயே கேட்டார்கள். தலைப்பிரசவத்துக்கு எங்கள் கிணற்றடிக்குத்தானே வரப்போகிறாள் என்று சொல்லி அவர்கள் வாயை அடைத்தேன்.

வளைகாப்பு முடிந்து அவளைக் கூட்டிவர நாள் பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் என் வீட்டுக்காரர் அந்தக் காரியத்தைச் செய்தார். திராட்சைக்கு அடிக்கக் கலக்கிய பூச்சிமருந்து டிரம்மைக் கிணற்று விளிம்பில் வைத்தார். அது சரிந்து மொத்தமும் உள்ளே போய்விட்டது. நான் போட்ட சத்தம் உத்தமபாளையம் வரை கேட்டிருக்கும். மோட்டார் போட்டு இறைத்து இறைத்துக் கொட்டியும் ஊறி வந்த தண்ணீரில் வாடை போகவில்லை. குடிக்கக் கேன் வாங்கலாம். பிள்ளை பெற்றவளுக்கு அண்டா அண்டாவாக வெந்நீர் ஊற்ற எங்கே போவது? தோட்டத்து வீட்டுக்குக் குழாயும் கிடையாது.

மாப்பிள்ளை ஒரு சாயப்பட்டறையில் கழிவுநீரைச் சுத்தம் செய்கிற வேலையில் இருப்பவர். கேள்விப்பட்டதும் ஞாயிற்றுக்கிழமை கையில் சாமான்களோடு வந்து இறங்கினார். கிணற்றுத் தண்ணீரைச் சிமெண்டுத் தொட்டியில் நிரப்பச் சொல்லி, கொஞ்சம் ஆசிட் விட்டார். பிறகு அன்னபேதி உப்பைக் கரைத்து ஊற்றினார். வெளிறிப்போன திராட்சை இலைக்கு நாங்கள் தெளிக்கிற இரும்புச் சத்துதான் அது, அதனால் அதுவரை எனக்குப் புரிந்த மாதிரி இருந்தது. அடுத்து பெராக்சைடு விட்டார். தண்ணீர் செம்மண் நிறமாகி நுரைத்தது. சுத்தம் செய்ய வந்தவர் இன்னும் அழுக்காக்குகிறாரே என்று நினைத்தேன். மாப்பிள்ளையிடம் எப்படிக் கேட்பது? ஆனாலும் கேட்டுவிட்டேன்.

"உப்பும் பெராக்சைடும் சேர்ந்தா ஒரு வேகம் வரும் அத்தை. அது மருந்த உடைச்சிரும்."

"உடைஞ்சா துண்டு கெடக்கணும்ல மாப்ள? பானை உடைஞ்சா ஓடு காலக் கிழிக்குதே."

அவர் சிரித்தார். "துண்டும் இன்னும் சின்னதா உடையும். கடைசில ஒண்ணுமில்லாமப் போகணும்."

"போயிருமா?"

அவர் தொட்டியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

சாயங்காலம் சுண்ணாம்பு போட்டதும் சேறு அடியில் தங்கி, மேலே தெளிந்த தண்ணீர் நின்றது. வாடை துளிகூட இல்லை. என் வீட்டுக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "பிறகென்ன, அடுத்த வாரமே பிள்ளையக் கூட்டியாந்துருவோம்" என்றார். நம்புவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. வாடை போனால் விஷமும் போய்விட்டது என்று அர்த்தமா?

எங்கள் வீட்டில் கொடுத்த எதையும் மாப்பிள்ளை வேண்டாம் என்று சொன்னதில்லை. பிடிக்காத பாகற்காயைக்கூட முகம் சுளிக்காமல் விழுங்குவார். அந்தத் தண்ணீரை ஒரு டம்ளரில் மொண்டு அவரிடம் நீட்டினேன். சோதிக்கத்தான் நீட்டினேன். குடிக்கப் போயிருந்தால் தட்டிவிட்டிருப்பேனா என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

வாங்கினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"லேப்ல குடுத்தா அந்த மருந்து இல்லேன்னுதான் சொல்லுவாக, அத்தை. அது வேற என்னென்னவா மாறிக் கெடக்குன்னு முழுசாச் சொல்றது கஷ்டம்." டம்ளரைத் தொட்டிச் சுவரில் வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "அவ அங்கனயே இருக்கட்டுமா?"

நான் தலையாட்டினேன். அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. யார்மேல் கோபம் என்றுதான் பிடிபடவில்லை.

பேத்தி ஆண்டிபட்டியில் பிறந்தாள். உதவிக்கு நான் அங்கே போனேன். லாரித் தண்ணீர் வருகிற நாளில் சம்பந்தியம்மா குடம் குடமாகப் பிடித்துவைப்பார், நான் வெந்நீர் போடுவேன். ஒருநாள் பேத்தியைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். "பேத்திய எப்ப உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறீக?" என்று அவர் கேட்டார்.

செம்பில் கொஞ்சம் தண்ணீர் மிச்சமிருந்தது. அதைச் சிந்தாமல் குழந்தையின் முதுகில் ஊற்றினேன்.