லேயாள் என்றால் அழகு

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரஸ்ஸில் முப்பது வருஷம் டிடிபி அடித்தவன் நான். சேர்ந்த அன்றே முதலாளி ஒரு பாடம் சொன்னார்: "புரூஃப்ல கஸ்டமர் கையெழுத்து வாங்கிட்டா தப்பு நம்மளுது இல்ல." அந்தப் பாடத்தின் லட்சணத்தைச் சொல்கிறேன்.

காவாந்தண்டலத்திலிருந்து தேவராஜ் என்ற கூலிக்காரர், மகளின் ஞானஸ்நானத்துக்குப் பத்திரிகை அடிக்க வந்தார். பேருக்குக் கீழே அர்த்தம் போடுவது அவர்கள் வழக்கம். குழந்தை பேர் லேயாள். "அர்த்தத்த பெருசா போடுங்க சார். கொயந்த கருப்பா கீதுன்னு இப்பவே பேசிக்கினு கீறாங்க. பேராவது நல்லா கீதுன்னு தெரியட்டும்" என்றார்.

எபிரெயப் பெயர்களுக்கு அர்த்தம் போட்ட ஜெராக்ஸ் தாள் ஒன்று பிரஸ்ஸில் உண்டு. லேயாள் இருந்த வரியில் எந்தப் புண்ணியவானோ டீயைக் கொட்டியிருந்தான். எனக்கு பைபிள் தெரியாது. மெஷின் சும்மா நிற்கிறது என்று முதலாளி வேறு கத்திக்கொண்டிருந்தார். 'அழகு' என்று அடித்துவிட்டேன். பெண் குழந்தைதானே, என்ன குறைந்துவிடப் போகிறது! தேவராஜுக்குப் படிக்கத் தெரியாது. புரூஃபைப் படித்துக் காட்டினேன், முகமெல்லாம் சிரிப்பாகக் கைநாட்டு வைத்தார்.

பத்திரிகை ஊரெல்லாம் போன பிறகு சர்ச் ஆயர் பிரஸ்ஸுக்கு வந்தார். லேயாள் என்றால் களைத்துப்போனவள் என்றார். வேதத்தில் அவள் பார்வை மங்கிய அக்கா, அழகி என்று பேர் வாங்கியவள் தங்கை ராகேலாம். எனக்கு மானமே போயிற்று. தேவராஜிடம் சொல்லிவிடலாம் என்று சைக்கிளை மிதித்தேன். அங்கே பத்திரிகைக்குக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார் மனுஷர். வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டிக்கொண்டிருந்தார். அவர் வாங்கிக் கொடுத்த கலரைக் குடித்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

போன வருஷம், நான் வேலையை விடுவதற்குக் கொஞ்சம் முன்னால், அந்த லேயாள் கைக்குழந்தையோடு வந்தாள். நர்ஸாக இருக்கிறாளாம். மகள் பேர் ராகேல். தனக்கு அடித்த மாதிரியே பத்திரிகை வேண்டும் என்றாள். இனியும் மறைப்பது பாவம் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"தெரியும் சார். எட்டாவது படிக்கும்போதே சண்டே கிளாஸ்ல சொல்லிட்டாங்க. நைனாகிட்ட மட்டும் நான் சொல்லல. சாவற வரைக்கும் அந்தக் கண்ணாடியத் தொடச்சிக்கினே இருந்தாரு."

ராகேலுக்காவது சரியாகப் போடுவோம் என்று நெட்டில் தேடினேன். பெண் ஆடு என்று வந்தது. கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

"எனக்குப் போட்டதையே போடுங்க சார்."

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், எதையும் தேடிப் பார்த்துவிட்டு அடியுங்கள். ராகேலுக்கு நான் தேடிப் பார்த்துவிட்டுத்தான் 'அழகு' என்று அடித்தேன். லேயாள் புரூஃபை எழுத்தெழுத்தாகப் படித்தாள். தப்பு ஒன்றும் இல்லை என்று கையெழுத்துப் போட்டாள்.