உள்ளே விட்ட துணி

"இந்தக் காலத்துல எவனுமே உள்ள துணி விடறதில்ல!"

அத்தை இதைச் சொல்லும்போது ஒரு கையில் யாரோ ஒருவரின் பேண்ட் இருக்கும். இன்னொரு கை அதன் இடுப்பை உள்பக்கமாகத் திருப்பிக்கொண்டிருக்கும். கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியிருக்கும். 'உள்ள' என்பதில் ஓர் அழுத்தம், 'துணி'யில் ஒரு பெருமூச்சு, 'விடறதில்ல' என்று முடிக்கும்போது தையல்காரர் குலம் முழுவதையும் தள்ளி வைத்துவிட்ட ஒரு சலிப்பு. ஒருநாள் சமையலறையிலிருந்து அவள் குரலிலேயே இதைச் சொல்லிப் பார்த்தேன். கூடத்தில் உட்கார்ந்திருந்த மாமா, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஆமாம்மா, ஆமாம்" என்றார்.

அத்தையின் கடை, சலவைக்கடைக்கும் சாவி ரிப்பேர் கடைக்கும் நடுவே, அலமாரிக்குக் கதவு வைத்ததுபோல் இருக்கும். புதிதாக எதையும் தைக்கமாட்டாள். தைத்ததைப் பெரிதாக்குவாள், சிறிதாக்குவாள். பெரிதாக்குவதுதான் அதிகம். "ஊரு பெருக்குது, நான் பொழைக்கறேன்" என்பாள். உள்ளே துணி விட்டுத் தைத்திருந்தால் பிரித்து விட்டுவிடலாம். விடாமல் தைத்திருந்தால் ஒட்டுப்போட்டு மானத்தைக் காப்பாற்ற வேண்டும். அதனால் ஆட்களை அவள் முகத்தைப் பார்த்து எடைபோடுவதில்லை. என் தோழி, தான் கட்டிக்கொள்ளப் போகிறவனை அழைத்து வந்தாள். அவன் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் அத்தை அவன் கோட்டு ஓரத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டாள். "நல்ல எடம்டி. ரெண்டு பக்கமும் ஒண்ணரை இன்ச் விட்டிருக்கு. நீ எவ்வளவு ஆக்கிப் போட்டாலும் தாங்கும்."

பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற மாமாவின் பேண்ட் ஒவ்வொன்றிலும் அவருடைய வருங்காலம் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அதில் பாதியை அவர் ஏற்கெனவே எட்டிவிட்டார்.

இப்படிப்பட்டவள் ஒட்டுப்போர்வைக் குழுவில் சேர்ந்தது, பள்ளி வேன் ஓட்டும் ஒரு பெண்ணால். தன் சீருடையைப் பிடித்துத் தரச் சொல்லி வந்தவள் கதையோடு கதையாகச் சொன்னாள்: அவர்கள் பன்னிரண்டு பேர். ஆளுக்குப் பன்னிரண்டு கட்டங்கள் தைக்க வேண்டும், கலர் கலரான துண்டுகளை இணைத்து. எல்லாவற்றையும் தலைவி வாங்கிக் கலந்து, ஆளுக்கு ஒவ்வொருவர் கைவேலையிலும் ஒன்று வருகிற மாதிரி பிரித்துக் கொடுப்பார். அவரவர் அதை இணைத்துப் போர்வையாக்கிக்கொள்ளலாம். ஒருத்தி விலகியதால் ஓர் இடம் காலி.

அத்தை மிஷினை நிறுத்தினாள். பேச்சுக்காக அவள் மிஷினை நிறுத்தி நான் பார்த்ததில்லை.

"அப்ப மத்தவங்க பதினோரு பேரும் எனக்குத் தைப்பாங்களா?"

"ஆமாங்க்கா."

"எனக்கே எனக்கா?"

"உங்க பேரை எழுதியே வரும்."

ஊரில் பாதிப் பேர் உடம்பில் அத்தையின் நூல்தான் ஓடுகிறது. அத்தை உடம்பில் ஓடுவதும் அத்தையின் நூல்தான். சின்ன வயதில் அக்காவுடைய பழசு, அப்புறம் தானே வெட்டித் தானே தைத்தது. அவளுக்கென்று ஒருவரும் ஊசியில் நூல் கோத்ததில்லை. இது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை. சொன்னால், "உங்களுக்குக் கோக்கத் தெரியுமா மொதல்ல?" என்பாள்.

குழுத் தலைவி நிலம் அளக்கும் அலுவலகத்தில் இருப்பவர். ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி குரல். "தையல் விளிம்பு, அதான் உள்ள விடற துணி, கால் இன்ச். காலுக்கு மேலயும் போகக்கூடாது, கீழயும் வரக்கூடாது. முடிச்ச கட்டம் பன்னெண்டரை இன்ச் இருக்கணும்." அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் 'கால் இன்ச்'.

அத்தை ஒன்பது துண்டுக் கட்டம் தைத்தாள். நடுவில் மஞ்சள், சுற்றிலும் நீலமும் வெள்ளையும். இஸ்திரி போட்டு, அடுக்கி, ரிப்பன் கட்டி, வேன்காரப் பெண்ணிடம் கொடுத்தனுப்பினாள். "பாருடி, வாயடைச்சுப் போவாங்க."

மறுநாளே அதே ரிப்பனைக் கட்டி மொத்தமும் திரும்பி வந்தது. ஒவ்வொன்றும் ஓர் அங்குலம் குறைவு.

துண்டுகளை அவள் சரியாகத்தான் வெட்டியிருந்தாள். கை மட்டும் பழக்கத்தில் அரை அங்குலம் உள்ளே விட்டுத் தைத்துக்கொண்டே போயிருக்கிறது. சதுரத் துணி ஒருநாள் சாப்பிட்டுச் சாப்பிட்டுப் பெருத்துவிட்டால் என்ன செய்வது என்ற முன்யோசனை.

பின்னாலேயே கால் இன்ச்சிடமிருந்து போன் வந்தது. கோபத்தில் இருக்கும்போது அத்தை போன் எடுக்கமாட்டாள். என் பக்கம் தள்ளினாள். "நீதான் என்னை மாதிரியே பேசறியே, பேசு. ஆனா தப்புன்னு மட்டும் ஒத்துக்காத."

அத்தை குரலில் "சொல்லுங்க மேடம்" என்றேன்.

"அழகுல ஒரு கொறையும் இல்லீங்க. அளவுலதான். சனிக்கிழமை கலக்கறோம். அதுக்குள்ள சரியான அளவுல வரலேன்னா உங்க பேரை எடுக்கற மாதிரி ஆயிடும். எனக்கும் மனசில்ல. ஆனா விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"என் மேலதான் மேடம் தப்பு, கை பழகிப்போச்சு..."

போன் என் காதிலிருந்து அத்தை கைக்குப் பிய்ந்து போனது.

"நான் எப்படி அப்படிக் கெஞ்சுவேன்? ஏங்க, உள்ள துணி விடறது ஒரு தப்பாங்க?"

"இப்ப யார் பேசறது?"

"நான்தான். மொதல்ல பேசினதும் நான்தான். அதை விடுங்க. நாளைக்கே தையல் விட்டுச்சு, துணி இழுத்துச்சுன்னா உங்க கால் இன்ச்சை வச்சு என்ன பண்ணுவீங்க? உள்ள இருந்தாத்தானேங்க வெளிய விட முடியும்?"

அந்தப் பக்கத்திலிருந்து "போர்வை குண்டாகாதுங்க" என்று வந்தது.

அத்தை போனை வைத்துவிட்டு, மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த மஞ்சளில் இனி ஒரு துண்டுகூட மிச்சமில்லை. "போகட்டும் விடு" என்றார் மாமா, "நான் வேணா கடையில ஒரு நல்ல போர்வையா வாங்கித் தரேன்." அத்தை அவரைப் பார்த்த பார்வையில் அவர் எழுந்து போய்க் குழாயை மூடிவிட்டு வந்தார். குழாய் மூடித்தான் இருந்தது.

அவள் விரல்களுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. மேலே இருந்த கட்டத்தைத் தன்பாட்டில் திருப்பின. தையலை விரித்துத் தடவின. கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியது.

"அடியே! உள்ள துணி இருக்குடி!"

"நீதானே அத்தை விட்ட."

"அதைத்தான்டி சொல்றேன்! இந்த ஊரையே பிரிச்சு விட்டிருக்கேன், இந்தப் பன்னெண்டை விடமாட்டேனா? ஏங்க, அந்த பிளேடை எடுங்க!"

நானும் மாமாவும் பிளேடால் பிரித்தோம். நூல் பிசிறு எங்கள் தேநீரில்கூட மிதந்தது. மிஷின் தகட்டில் சரியாகக் கால் அங்குலத்தில் ஒரு பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டு அத்தை மறுபடி தைத்தாள். கை தன் பழக்கத்துக்கு நழுவப் பார்க்கும்போதெல்லாம் அதைக் குழந்தையை அதட்டுவதுபோல் அதட்டினாள். "கால்னு சொன்னேன்ல? எங்க போற? கால்!" சனிக்கிழமை காலை வேன் கிளம்புவதற்குள் பன்னிரண்டும் போய்ச் சேர்ந்தன. கால் இன்ச்சிடமிருந்து ஒரே சொல் வந்தது: "சரி."

அடுத்த வாரம் அத்தையின் பங்கு வந்தது. உறைமேல் அவள் பெயர். கட்டிலில் பரப்பினாள். முன்பக்கத்தைப் பார்க்கவேயில்லை. எல்லாவற்றையும் குப்புறப் போட்டு, தையல் தையலாகத் தடவிக்கொண்டு போனாள்.

"இவ அவசரக்காரி. இவளுக்கு மிஷின்ல எண்ணெ இல்ல. இது பாரு, என்ன பொறுமை! வேன் ஓட்டற பொண்ணு போல இருக்கு, திருப்பத்துல எல்லாம் நெளிஞ்சிருக்கு."

அப்புறம் ஒவ்வொன்றாக நிமிர்த்திப் பார்த்தாள். அதில் நேரம் போனது. மாமா இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, சாப்பாட்டைத் தானே போட்டுக்கொண்டார்.

அளந்து பார்த்தது நான்தான். எல்லாம் பன்னிரண்டரை. பச்சையில் இலை இலையாக இருந்த ஒன்று மட்டும் குறைந்தது. ஓர் அங்குலம். மூலையில் பொடி எழுத்தில் தைத்தவரின் பெயர்: நம் கால் இன்ச்சேதான்!

எனக்குக் குஷியில் தலைகால் புரியவில்லை. ரயில் நிலையக் குரலை எடுத்துக்கொண்டேன். "விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்! போன் போடு அத்தை. நீ பேசறியா, நான் உன் குரல்ல பேசட்டுமா?"

அத்தை பச்சைக் கட்டத்தை வாங்கித் திருப்பினாள். கட்டைவிரலால் ஒரு தையலைப் பிரித்துப் பார்த்தாள். இன்னொன்றைப் பார்த்தாள். எழுந்து பிளேடைத் தேடினாள்.

நாங்கள் போட வேண்டியிருக்கவில்லை, போன் அதுவாகவே அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"உங்க கட்டம் ஒண்ணு சின்னதா இருக்குமோன்னு சந்தேகமா இருக்குங்க." அறிவிப்புக் குரல் இந்தத் தடவை சுருதி இறங்கியிருந்தது. "உங்களோடதைத்தான் கடைசியாத் தைச்சேன். நீங்க போன்ல போட்ட சத்தம் காதுலயே இருந்துச்சா, கை தானா அரைக்குப் போயிடுச்சு போல. எல்லாரோடதையும் அளந்தேன், என்னோடதை அளக்கல. அனுப்பிடுங்க, வேற தைச்சுத் தரேன். விதின்னா எனக்கும்தானே."

அத்தை ஏற்கெனவே முதல் தையலில் பிளேடை வைத்துவிட்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல், போன் இருந்த பக்கமாகக் குரலை மட்டும் விட்டாள்:

"அனுப்பறதாவது! எனக்குன்னு தைச்சு எம் பேரைப் போட்டு வந்ததை நான் எதுக்குங்க திருப்பித் தரணும்? உள்ளதான் அரை இன்ச் இருக்கே, நானே பிரிச்சு விட்டுக்கறேன். இந்தக் காலத்துல உள்ள துணி விட ஒருத்தராவது இருக்கீங்களேன்னு நான் சந்தோஷமா உக்காந்திருக்கேன், அதுலயும் வந்து அளவு பேசாதீங்க. வைங்க போனை, கை வேலையா இருக்கு!"