ஜெபக் குழுவில் மாறிப்போன எழுத்து

இதை எழுதலாமா, விடலாமா என்று சில வருஷங்களாக மனம் இழுபட்டுக்கொண்டே இருந்தது. எனக்குப் படிப்பும் பெரிதாக இல்லை. எழுதினால் மச்சாளைக் குறை சொன்னது போல ஆகிவிடுமோ என்ற பயம் வேறு. அவர் கெட்டவர் இல்லை. அவருடைய பக்தியில்தான் இது தொடங்கியது.

என் வீட்டுக்காரர் கொழும்பு புறக்கோட்டையில் அரிசி மூட்டை தூக்கினவர். குடலிறக்கத்துக்கு ஒப்பரேஷன் செய்யவேண்டும், முதலில் இரத்தம் சோதித்து வாருங்கள் என்று டொக்டர் எழுதித் தந்தார். கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருந்த லேப்புக்குப் போனோம். அவருடைய தங்கச்சி, அதுதான் என் மச்சாள், துணைக்கு வந்தார். ஊசி என்றால் இவர் மயங்கிவிடுவார். நான் இவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பில்லை மச்சாள் வாங்கினார்.

பில்லில் ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு இலக்கம், பக்கத்தில் இங்கிலீஷ் எழுத்து. ஒரு வரியில் எச்.சீ.வீ என்று இருந்தது. ஈரலைப் பிடிக்கிற வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கிற சோதனை அது. ஒப்பரேஷனுக்கு முந்தி எல்லாருக்கும் பார்ப்பதுதான். எதற்குக் காசு எடுத்தோம் என்பதைத்தான் பில் சொல்லும். மச்சாளோ, பில்லில் அச்சடித்து வந்தால் அந்த நோய் இருக்கிறது என்று நினைத்துவிட்டார். எழுத்தையும் பிழையாக வாசித்துவிட்டார்.

அன்று பின்னேரம் எங்கள் ஜெபக் குழுவின் வட்ஸ்அப்பில் அவருடைய குரல் பதிவு வந்தது. ஒரே அழுகை. "என்ட அண்ணாவுக்கு எச்.ஐ.வீ எண்டு பில்லில வந்திருக்கு. எல்லாரும் ஜெபமாலை சொல்லுங்க."

போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தேன். உடனே போன் எடுத்தேன்.

"மச்சாள், என்ன சொல்லி வச்சிருக்கிறீங்க?"

"ஏன் அண்ணி, ஜெபம் கேக்கிறது பிழையா?"

"அது சீ, ஐ இல்ல! அதுவும் இருக்கா எண்டு பாக்கிறதுக்கு. இருக்கெண்டு ஆர் சொன்னது?"

"ஐயோ மாதாவே!"

அவர் பதிவை அழித்தார். அதற்குள் அது கொழும்பு தாண்டி வத்தளை வரைக்கும் போயிருந்தது.

அது ஒக்டோபர் மாதம். மாதாவின் சிலையை, சுரூபம் என்போம், பாட்டுப் பாடி ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். அடுத்த நாள் எங்கள் முறை. நான் மேசைக்கு வெள்ளைத் துணி விரித்து, பூ வைத்து, கடலை அவித்து வைத்தேன். பாட்டுச் சத்தம் எங்கள் வாசல் வரை வந்து, நிற்காமல் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. ஓடிப்போய்க் குழுவை நடத்துகிற அக்காவிடம் கேட்டேன்.

"சுகமில்லாத ஆள் இருக்கிற வீடு தானே. உங்களுக்குக் கரைச்சல் தரக்கூடாது எண்டு..." என்று இழுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டில் சொன்னேன். இவர் சிரித்தார். "மாதாவுக்கு ஒரு ஊசியைப் போட்டுட்டுக் கூட்டிவரச் சொல்லு." சிரித்த கண் கலங்கியிருந்தது.

அன்றுதான் ரிப்போட்டும் கைக்கு வந்திருந்தது. "இதைப் படம் எடுத்துக் குழுவில போடுறேன். எல்லாம் முடிஞ்சிடும்" என்றேன்.

"போடாத."

"ஏனப்பா?"

"எனக்கு மட்டும் முடியும். உண்மையாவே அந்த வருத்தம் இருக்கிற ஒரு மனுசன்ட வாசலுக்கு மாதா வரமாட்டாவா? ரிப்போட் காட்டித்தான் கூப்பிடணுமா?"

ரிப்போட்டை மடித்து வைத்துவிட்டேன். முப்பது வருஷமாகப் பூசை தவறாமல் போகிறவள் நான். எனக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றியது.

சுரூபம் இல்லாத மேசைக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தி ஜெபமாலை தொடங்கினோம். பாதியில் மச்சாள் வந்து, பக்கத்தில் முழங்காலில் நின்றார். இவர்தான் கடலைத் தட்டை அவர் பக்கம் தள்ளினார்.

ஒப்பரேஷன் நல்லபடியாக நடந்தது. மறு வருஷம் மாதா வந்தார். ஆனாலும் அந்த அக்கா எங்கள் வீட்டில் இன்றைக்கும் தேத்தண்ணி குடிப்பதில்லை, விரதம் என்பார்.

இதை வாசிக்கிறவர்கள் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். ஆனால் ஒரு எழுத்தையும் மாற்றாமல் சொல்லுங்கள். ரிப்போட்டில் என்ன இருந்தது என்று நான் எழுதவில்லை. நீங்களும் அதைச் சேர்க்காதீர்கள்.