விஜயகலா துடைக்காத தேநீர்

விஜயகலாவின் ஏளனம் பிறவிக் குணமல்ல. குவைத்திலிருந்து அவள் கொண்டுவந்தது. அங்கே அவள் வேலை செய்த வீட்டில் தானாகவே தரை கூட்டும் வட்ட மிஷின் ஒன்று இருந்தது. சோபாவுக்கடியில் மாட்டிக்கொண்டு அது கத்தினால், வீட்டு மேடம் ஓடிப்போய் எடுத்துப் பிள்ளையைத் தடவுவதுபோல் தடவிக் கொடுப்பாள். விஜயகலாவின் கை தவறி ஒரு கிளாஸ் உடைந்ததற்கோ அன்றைய சாப்பாட்டை நிறுத்தினாள். ஊர் திரும்பி, புளத்கொகுபிட்டியவுக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்தில் மறுபடியும் கொழுந்தெடுக்கப் போன பிறகு, எந்தப் பெரிய மனிதரைக் கண்டாலும் அவள் உதடு ஒரு பக்கமாகக் கோணும்.

அப்பேர்ப்பட்டவளைத்தான் தோட்டத்து உதவி அதிகாரியான சின்னத்துரை ஓர் ஆராய்ச்சிக்கு அனுப்பிவைத்தார். கொழும்பிலிருந்து வந்த குழு, தொழிலாளரின் குழந்தைகளைப் பகலில் விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவில் மேசை போட்டு ஓர் இயந்திரக் கையைப் பொருத்தியிருந்தது. அது கேத்தலைத் தூக்கிக் கோப்பையில் தேநீர் ஊற்றும். பார்க்கிறவருக்கு ஒரு மூக்குக் கண்ணாடி. கண் போகும் இடமெல்லாம் பக்கத்துத் திரையில் ஒரு சிவப்புப் புள்ளி ஓடும்.

"நீங்க ஒண்ணும் செய்யத் தேவல்ல அக்கா. பாத்துக்கிட்டு இருந்தாப் போதும்" என்றாள் குழுவின் ரஹ்மா மிஸ்.

சின்னத்துரையும் மேசையருகில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, முதல் கோப்பை ஒழுங்காக நிரம்பியது. இரண்டாவதற்கு அந்தக் கை கோப்பையை விட்டுவிட்டு மேசையில் ஊற்றியது. விஜயகலா துள்ளியெழுந்து தன் தலைத்துண்டால் துடைத்தாள். "பரவால்ல, உக்காருங்க" என்றாள் ரஹ்மா. மறுபடியும் கொட்டியது. மறுபடியும் துடைத்தாள்.

ரஹ்மா திரையைக் காட்டினாள். "இதுக்கு முந்தி வந்த எல்லாரும் கொட்டுன தேத்தண்ணியப் பாத்தாங்க. நீங்க மட்டும் ஏன் அக்கா சின்னத்தொர சேர்ட மொகத்தப் பாத்தீங்க?"

"கொட்டுனா யாரு ஏசப் போறாங்கன்னுதானே மொதல்ல பாக்கணும்?"

"யாரும் ஏச மாட்டாங்க. ரோபோ தப்புப் பண்றப்போ ஆக்கள் எங்க பாக்குறாங்கன்னுதான் படிக்கிறோம். அதுக்குத்தான் நாங்களே அதத் தப்புப் பண்ண வெச்சிருக்கோம்."

"வேணும்னேயா?"

"ஓம், வேணும்னேதான்."

விஜயகலா கையிலிருந்த ஈரத்துண்டைப் பார்த்தாள். நாலெழுத்துப் படித்தவர்கள் கூடி உட்கார்ந்து, ஒரு மிஷினுக்குத் தேநீர் கொட்டக் கற்றுக்கொடுத்து, வேன் பிடித்து மலையேறி வந்திருக்கிறார்கள். அவளுடைய கொழுந்தில் இரண்டு முத்தல் இலை கிடந்தால் அதை எல்லோர் முன்னாலும் விசிறியடிப்பவர் இந்தச் சின்னத்துரை. இங்கே மிஷின் கொட்டக் கொட்ட, மேசை விளிம்பில் சாய்ந்து நின்று, "சூப்பர், சூப்பர்" என்று தலையாட்டுகிறார். இவர்களுக்கு முன்னால் போய்த் துடைத்தோமே என்று அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"இன்னொரு தடவ பாப்பமா?" என்றாள் ரஹ்மா.

"நல்லாப் பாப்போம்."

இந்தத் தடவை கேத்தல் பாதிக்கு மேல் கவிழ்ந்தது. தேநீர் சின்னத்துரை சாய்ந்திருந்த பக்கமாக ஓடியது. விஜயகலா கையைக் கட்டிக்கொண்டாள்.

"ஏய் விஜயகலா, தொடச்சி விடு! தொடச்சி விடு!"

"பாத்துக்கிட்டு இருந்தாப் போதும்னு மிஸ் சொன்னாங்க தொர."

வெள்ளைக் காற்சட்டை நனைந்த பிறகுதான் அவர் குதித்தார். துணி கேட்டார், யாரும் அசையவில்லை. கடைசியில் ரஹ்மாவின் டிஷ்யூ பெட்டியைப் பிடுங்கித் தன்னையும் துடைத்து, குனிந்து மேசையையும் துடைத்தார். திரையில் சிவப்புப் புள்ளி அவருடைய முதுகை விட்டு நகரவேயில்லை. பிள்ளைகளைப் பார்க்கும் தெரேசம்மா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

அவர் போனதும் ரஹ்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "இந்தப் பதிவ நாங்க வெச்சிக்கிட்டாப் பரவால்லயா அக்கா?"

"வெச்சிக்கங்க மிஸ். தொர நல்லாத் தொடச்சாருன்னும் எழுதிருங்க."

மறுநாள் ஆராய்ச்சிக்கு வேறொருத்தியைக் கூப்பிட்டார்கள். காலையில் வேலை பிரிக்கும்போது, அட்டை மொய்க்கும் செங்குத்து மலையை விஜயகலாவுக்கு ஒதுக்கினார் சின்னத்துரை. அவள் அவருடைய காற்சட்டையை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தாள். பிறகு உதட்டைக் கோணிக்கொண்டு மலையேறினாள்.